பொன்னாடையும் அணைக்காத வண்டியும்

செழியா,

ஒரே கூரையின் கீழ் உறங்கி எழும் மகனுக்குத் தகப்பன் மடல் எழுதுவதா என்று நீ கேட்கலாம். அடுத்த அறையில் இருக்கிறாய். நான் எழுந்து வந்து பேசினால் முடிந்தது. ஆனால் நான் வாய் திறந்தால் என்ன நேர்கிறது என்பதை நீயே சென்ற கிழமை சொன்னாய். "நான் ஒருத்தன்தானுங்கப்பா உக்காந்திருக்கறேன். எதுக்கால கூட்டம் இல்ல" என்றாய். உண்மைதான். நாற்பதாண்டுகள் சேலத்திலும் நாமக்கல்லிலும் ஏறாத மேடை இல்லை என்று திரிந்தவனுக்கு, ஒருவனிடம் பேசும் குரல் தேய்ந்து போயிற்று. உன்னோடு பேசத் தொடங்குகிறேன். மூன்றாவது தொடரில் என் கை தானாக உயர்கிறது. நான்காவது தொடரில் நீ எழுந்து போய்விடுகிறாய். எழுத்தில் கை உயராது. ஆகவே எழுதுகிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை வாழப்பாடியிலிருந்து ஒருவர் நம் அறுவடை வண்டியை வாங்க வருகிறார். என்னையும் வண்டி நிற்கும் கொட்டகைக்கு வரச் சொன்னாய். அவருக்கு ஓர் ஆடை போர்த்தி நான்கு சொல் பேசினால் போதும் என்றாய். என் பெயரைச் சொன்ன உடனே கண்ணை மூடிக்கொண்டு வருவதாகச் சொன்னாராம். அந்த வண்டி செங்கோடனின் வலக்கையை முழங்கைக்குக் கீழே எடுத்துக்கொண்ட வண்டி என்பது அவருக்குத் தெரியாது. அதன் எந்திரத்தை ஒருமுறை அணைத்தால் மறுபடி எடுக்குமா என்பது அதன் சொந்தக்காரனான உனக்கே தெரியாது என்பதும் அவருக்குத் தெரியாது. நான் வருவேனா, வந்தால் என்ன செய்வேன் என்று கேட்டாய். இம்மடல் அதற்கு மறுமொழி. இதை முதலில் நீ படி. ஞாயிறு கழிந்தபின் ஊர் படிக்கட்டும். இவ்வண்டியை வாங்கப் போன நாளில் எனக்குப் போர்த்திய ஆடையைப் பலர் காணத்தான் ஏற்றுக்கொண்டேன். அதற்குரிய விடையையும் பலர் காணத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் ஒன்று. இம்மடலில் உன் சொற்களை உன் சொற்களாகவே எழுதப் போகிறேன். செல்ஃப் என்பாய், பெல்ட் என்பாய், எஞ்சின் என்பாய். அவற்றைக் கேட்கும் போதெல்லாம் காதில் மணல் விழுந்தது போல் முகம் சுளித்தவன் நான். என் எழுதுகோல் இன்றுவரை அச்சொற்களைத் தீண்டியதில்லை. இன்று தீண்டுகிறது. தமிழ் மேல் எனக்கிருந்த காதல் குறைந்துவிட்டது என்று எண்ணாதே. பொருளைத் தொட்டுப் பாராமல் பெயரை மட்டும் மாற்றி வைத்த ஒருவனுக்கு, அப்பெயர்களைச் சொல்லும் உரிமை சிறிது காலம் இல்லை என்று எனக்குப் படுகிறது. ஏன் என்பது போகப் போக விளங்கும்.

நாம் வண்டி வாங்க முடிவு செய்தது தவறில்லை. அதை அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் நீ இப்போது எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி உன் தலைமேல் ஏற்றிக்கொள்கிறாய். அறுப்புக்கு ஆள் இல்லாமல் போய் நெடுநாளாகிறது. ஆத்தூர்ப் பக்கத்து வண்டிகள் தஞ்சை வயல்களுக்குப் போய்த் திரும்பும் வழியில் நம் சோளக்காட்டில் நுழைந்தால்தான் உண்டு. நாம் வாங்குவதற்கு முந்தின ஆண்டு வண்டி வரவில்லை, மழை வந்தது. முற்றிய மக்காச்சோளக் கதிர்கள் தட்டையிலேயே நனைந்து முளைவிட்டதைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நின்றோம். கோழித் தீவனத்துக்கு எடுப்பவர் வந்து ஒரு கதிரை உரித்து முகர்ந்து பார்த்தார். பூஞ்சை நாற்றம். கதிரைப் போட்டுவிட்டு வண்டியேறிப் போனார். அன்று உன் அம்மாதான் சொன்னாள்: "அடுத்தவன் வண்டிய நம்பி வெள்ளாமையப் போட்டுப்போட்டு இப்படி வழியப் பாத்துட்டு ஒக்கோரணுமா சாமி? நமக்குன்னு ஒன்னு வாங்கிப்போடு." புதியது வாங்க நமக்கு வழியில்லை, ஓடிய வண்டிதான் என்று நீ முடிவு செய்தாய். அறிவோடுதான் முடிவு செய்தாய். சேற்றில் இறங்கும் பெல்ட் வண்டி, நெல்லுக்கும் சோளத்துக்கும் கதிர் வெட்டும் முன்வாயை மாற்றிப் பூட்டிக்கொள்ளலாம், நம் காடு போக மீதி நாளில் வாடகைக்கும் விடலாம் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாய். நான் உன் எண்ணத்தைப் பாராட்டி ஒரு பேருரை ஆற்றியதாக நினைவு.

வண்டி பார்க்க ஆத்தூருக்குக் கிழக்கே நாம் போன அந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். காரில் போகும்போதே சொன்னாய்: "அப்பா, போனதும் வண்டிய நான்தான் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கோணும். எஞ்சின் குளுந்து கெடக்கோணும். ஓடிட்டு இருக்கற வண்டி பொய் சொல்லுமுங்கறாரு மெக்கானிக்கு." நான் மெக்கானிக் என்ற சொல்லைத் திருத்தினேன். பொறிவினைஞர் என்று சொல் என்றேன். நீ சிரித்துக்கொண்டே அப்படியே சொன்னாய். உன் அறிவுரையை நான் காதில் வாங்கவில்லை. உன் சொல்லை மட்டும் திருத்தினேன். இன்று அந்தச் சாலையை நினைத்தால் அந்த ஒன்றே முதலில் வந்து நிற்கிறது.

நாம் போய் இறங்கியபோது வண்டி ஓடிக்கொண்டிருந்தது. புளியமரத்தடியில் நிறுத்தி, உடம்பெல்லாம் துடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள்; எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. உனக்கு முகம் மாறிற்று, எனக்கு மாறவில்லை. ஏனென்றால் அதன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். நாற்காலியின் மேல் மடித்த பொன்னாடை ஒன்று இருந்தது. வண்டிக்காரர் இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு ஓடி வந்தார். "வாங்க ஐயா வாங்க. உங்க பேச்சக் கேக்காத ஊரு எங்க ஏரியாவுல உண்டா? சின்னப் புள்ளையில தோள்ல உக்காந்து கேட்டிருக்கேன். நீங்க என் வாசல மிதிச்சதே போதும், வண்டி போனா போவட்டும்" என்றார். ஆடையை விரித்துப் போர்த்தினார். அக்கம்பக்கத்தார் பத்திருபது பேர் கூடியிருந்தார்கள். "ஐயா ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார்.

நான் பேசினேன். இரண்டு சொல்லோடு நிறுத்துகிறவனா நான்? ஏர் பிடித்த கை எந்திரம் பிடிக்கப் போகும் காலத்தைப் பற்றிப் பேசினேன். கதிரறுவைப்பொறி என்று ஒரு பெயரை அங்கேயே, அந்தப் புளியமரத்தடியிலேயே ஆக்கினேன். பின்னால் உறுமிய எஞ்சினுக்கு மேலே என் குரல் எழும்பியது. அந்த உறுமலை எனக்குப் போட்டியாக வந்த பறையொலி என்று எடுத்துக்கொண்டேன். அது உயர உயர நானும் உயர்ந்தேன். நான் பேசிக்கொண்டிருந்தபோது நீ வண்டியைச் சுற்றி வந்தாய். கதிர் ஏறும் பாதையின் பக்கத்தில் குனிந்து எதையோ பார்த்தாய். அங்கே மூடி இருக்க வேண்டிய இடத்தில் மரைத் துளைகள் மட்டும் இருந்தன என்று பிறகு சொன்னாய். நான் மூச்சு வாங்க நின்ற இடைவெளியில் என் காதருகே வந்து, "அப்பா, ஒருக்கா ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்க" என்றாய்.

வண்டிக்காரருக்குக் காது கூர்மை. "என்ன தம்பி, சந்தேகமா? காலையிலேர்ந்து ஓடிக்கிட்டுத்தான இருக்குது. பெத்த புள்ள மாதிரி வச்சிருக்கேன். ஐயாவே சொல்லட்டும், அணைக்கச் சொன்னா அணைக்கிறேன்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அணையுங்கள் என்ற ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் போதும். நான் சொன்னது வேறு. "போர்த்திய ஆடை தோளில் இருக்கும்போது, போர்த்திய கையைச் சோதிப்பது நம் வழக்கமில்லை" என்றேன். கை தட்டினார்கள், செழியா. அந்தத் தொடர் என் வாயில் எத்தனை அழகாக வந்து அமர்ந்தது என்று வீடு திரும்பும் வழியெல்லாம் எண்ணி மகிழ்ந்தேன். நீ காரை ஓட்டினாய். கடையில் வாங்கும் கத்தரிக்காயை விரலால் அழுத்திப் பார்ப்பவன் நான். பொன்னாடை போர்த்தினால் வண்டியை அழுத்திப் பார்க்கக் கூடாது என்று எனக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. மேடையில் இருப்பவன் கேள்வி கேட்கக் கூடாது, கேட்பதெல்லாம் கீழே இருப்பவர்களின் வேலை என்று நானே எனக்குப் பழக்கிக்கொண்டது அது. வண்டிக்காரர் அதை அறிந்திருந்தார். ஒரு நாற்காலி, ஓர் ஆடை, இருபது பேர். அவருக்கு அவ்வளவுதான் தேவைப்பட்டது.

வண்டி வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. எஞ்சினின் பெரிய சக்கரத்தில் பற்கள் தேய்ந்து போயிருக்கின்றன; செல்ஃப் அதைக் கவ்வ முடியாமல் வழுக்குகிறது; எஞ்சினைக் கீழே இறக்கினால்தான் சரி செய்ய முடியும் என்று மெக்கானிக் வந்து சொன்னார். அறுப்புக் காலம் தொடங்கிவிட்டது, முன்பணம் வாங்கிவிட்டாய், இறக்கினால் காலம் போய்விடும். "சீசன் முடியட்டும்" என்றாய். அதுவரைக்கும் வழி என்ன? காலையில் கடப்பாரையால் சக்கரத்தை நெம்பித் தேயாத பல்லுக்குக் கொண்டுவந்து எடுப்பது; எடுத்துவிட்டால் பொழுது சாயும்வரை அணைக்காமல் இருப்பது. அந்தக் கடப்பாரையைப் பிடித்தவன் செங்கோடன்.

செங்கோடனை உனக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை; மடலைப் படிக்கும் மற்றவர்க்காகச் சொல்கிறேன். என் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி கட்டியவன் அவன். மழையில் கம்பம் ஏறிக் குழாய் கட்டுவான். நான் பேசத் தொடங்கியதும் மேடைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, எந்த இடத்தில் கை தட்ட வேண்டுமோ அந்த இடத்தில் முதல் கையைத் தட்டுவான். அவன் தட்டினால் கூட்டம் தட்டும். பிறகு மண்டபங்களே ஒலிபெருக்கி வைத்துக்கொண்டன. அவன் தொழில் படுத்தது. உன் வண்டிக்கு உதவியாளாக அவனை அனுப்பியவன் நான். என் ஆள் என்று சொல்லி அனுப்பினேன்.

ஓட்டுநர் முருகேசனுக்கும் செங்கோடனுக்கும் நான் மாலை நேரங்களில் தமிழ் கற்பித்தது உனக்கு நினைவிருக்கும். செல்ஃப் என்று சொல்லாதீர்கள், தொடக்கி என்று சொல்லுங்கள் என்றேன். மறுநாள் காலை கொட்டகைப் பக்கம் போனேன். வண்டி எடுக்காமல் நின்றிருந்தது. செங்கோடன் கடப்பாரையோடு வியர்த்துக்கொண்டிருந்தான். "என்ன செங்கோடா?" என்றேன்.

"தொடக்கி தொடங்க மாட்டேங்குதுங்க ஐயா" என்றான்.

"தொடங்காதது எப்படித் தொடக்கி ஆகும்?" என்றேன்.

"அப்ப முடக்கின்னு வெச்சுக்கலாமுங்களா?"

முருகேசன் இருக்கையிலிருந்து விழுந்து சிரித்தான். நீ சிரித்தாய். நான் எல்லோரினும் மிகுதியாகச் சிரித்தேன். "இதுவன்றோ சொல்லாக்கம்" என்று அவன் முதுகைத் தட்டினேன். அதற்கடுத்து நடந்த கூட்டங்களில் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன். ஓர் ஏழை உழைப்பாளி நாவில் தமிழ் எப்படிப் பூக்கிறது பாருங்கள் என்றேன். அவன் சொன்னது பகடியில்லை, முறையீடு என்பது எனக்கு உறைக்கவில்லை. எடுக்காத வண்டிக்கு மிகப் பொருத்தமான பெயர் கிடைத்துவிட்டது. ஆகவே அது ஏன் எடுக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. பெயர் வைத்ததோடு வேலை முடிந்ததென்று எண்ணுகிற நோய் எனக்கு. அந்த நோய் உனக்கு வரக் கூடாது.

பள்ளிபாளையத்துக்கு அப்பால் வாய்க்கால் பாசன வயலில் நெல் அறுக்கப் போன அன்று, மாலையில் அங்கே எனக்கு ஒரு கூட்டம் இருந்தது. அதனால்தான் வயலுக்கு வந்தேன். முந்தின நாள் மழை. வைக்கோல் நனைந்து கயிறு கயிறாகத் திரண்டு கதிர் ஏறும் பாதையில் அடைத்துக்கொண்டே இருந்தது. அடைக்கும் போதெல்லாம் முருகேசன் வண்டியை நிறுத்துவான். எஞ்சினை அணைக்க மாட்டான். லீவரைத் தள்ளிக் கதிர்ப் பாதையின் ஓட்டத்தை மட்டும் விடுவிப்பான். செங்கோடன் இறங்கிப் போய், மூடியில்லாத அந்தப் பக்கத்தில் கையை விட்டு வைக்கோலை உருவுவான். அந்த வண்டியில் லீவரைத் தள்ளினாலும் உள்ளே கதிரை ஏற்றும் சங்கிலி முழுதும் நிற்பதில்லை; மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும். இருவருக்கும் அது தெரியும். பழகிவிட்டார்கள். அணைத்தால் எடுக்காது, எடுக்காவிட்டால் வாய்க்கால் வயலில் கடப்பாரையோடு அரைநாள் நிற்க வேண்டும், வயல்காரர் ஏசுவார். "என்ன ஆனாலும் ஆஃப் பண்ணிராதீங்க" என்று நீ சொல்லியிருந்தாய். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

நான் வரப்பில் வயல்காரரோடு நின்றிருந்தேன். எஞ்சினின் ஓசை ஒரு கணம் தாழ்ந்தது, எதையோ மென்று விழுங்கியது போல. பிறகு செங்கோடனின் குரல். அந்தக் குரலை நான் எழுதப் போவதில்லை. முருகேசன் எட்டிப் பார்த்தான். அவன் கை சாவிக்குப் போனது. போய், நின்றது. செழியா, நான் இதைப் பார்த்தேன். நீ வயலின் அந்தக் கோடியில் மூட்டையருகே இருந்தாய், உனக்குத் தெரியாது. அவன் விரல் சாவியின் மேல் இருந்தபடியே நின்றது. ஒரு மூச்சு நேரம் இருக்கலாம். அணைக்கலாமா என்று அந்தப் பிள்ளை எண்ணினான். ஒரு மனிதன் உடம்பு எந்திரத்துக்குள் போய்க்கொண்டிருக்கும் போது, ஓட்டுகிறவனுக்கு அணைக்கலாமா என்று ஓர் எண்ணம் வரும்படி நாம் அவனைப் பழக்கியிருந்தோம். பிறகு அணைத்தான். அந்த வயலில் அப்போதுதான் கொக்கின் ஒலி கேட்டது. வாய்க்கால் தண்ணீரின் ஒலி கேட்டது. காலையிலிருந்து அவையெல்லாம் அங்கேதான் இருந்திருக்கின்றன.

அந்த ஒரு மூச்சில் கை தப்பியிருக்குமா என்று மருத்துவரிடம் நான் கேட்கவில்லை. கேட்டு என்ன செய்யப் போகிறேன். நீ அவனைத் தோளில் சுமந்து வரப்பில் ஓடியதையும், உன் சட்டையைக் கிழித்துக் கட்டியதையும், மருத்துவமனை வாசலில் அவன் மனைவியின் காலடியில் உட்கார்ந்திருந்ததையும் நான் மறக்கவில்லை. உன்னைக் கயவன் என்று எழுத இம்மடலைத் தொடங்கவில்லை.

கண் விழித்த மறுநாள் அவனைப் பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட கையை நெஞ்சின் மேல் வைத்துப் படுத்திருந்தான். அவனே முதலில் பேசினான்.

"கூட்டம் என்னாச்சுங்க ஐயா?"

"போகவில்லை, செங்கோடா."

"அடக் கெரகமே. போயிருக்கோணுமுங்க. அத்தன சனத்த உக்கார வெச்சுப்போட்டு வராம இருக்கறதா?" என்றான். "இனி வந்தாலும் கேக்கறதோட சரிங்க. காது இருக்குதுங்க. தட்டறதுக்குத்தான் ஆவாது."

அதற்குப் பிறகு நான் மேடை ஏறவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று அழைப்பவர்களிடம் சொல்லி வருகிறேன். உன் அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன். அவள் நம்பவில்லை.

சென்ற கிழமை கொட்டகைக்குப் பின்னால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். வண்டிக்குப் புது வண்ணம் அடித்திருந்தாய். முன்வாயின் பற்களைக்கூடத் தீட்டியிருந்தாய். மூடியில்லாத இடத்தில் ஒரு தகரத்தை வெட்டி ஒட்டியிருந்தாய். மரை போட்டு முடுக்கவில்லை, ஒட்டியிருந்தாய். முருகேசனிடம் சொன்னாய்: "அவிய வர்றதுக்கு அரைமணி நேரம் முன்னாலயே எடுத்து ஓட உட்ரு. ஸ்டார்ட் பண்ணுன்னு கேட்டா, அப்பாவப் பேச உட்டுக்கலாம்."

செழியா, அந்தச் சொல் என் முதுகில் விழுந்தது. அப்பாவைப் பேச விட்டுக்கொள்ளலாம். ஆத்தூரில் அந்த ஆள் என்னை எதற்குப் பயன்படுத்தினாரோ, அதற்கே நீயும் என்னைப் பயன்படுத்தத் திட்டமிட்டாய். நாற்காலி, ஆடை, கூட்டம் எல்லாம் ஒன்றுவிடாமல் கற்றுக்கொண்டாய். கற்பித்தவன் நான். சினத்தோடு வீட்டுக்குள் போய் உன் அம்மாவிடம் கொட்டினேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை. "அவன் என்னத்தங்க பண்ணுவான்? நீங்க போட்ட தடத்துலதான போறான்" என்றாள்.

நேற்று செங்கோடன் வீட்டுக்குப் போனேன். வண்டியை விற்கிறோம் என்று சொன்னேன். இடக்கையால் தேநீர்க் குவளையை எடுத்து எனக்கு நீட்டினான், அதில் பாதி திண்ணமாகச் சிந்தும் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், சிந்தியது. "வித்துப்போடுங்க ஐயா. வெச்சுட்டு என்ன பண்றது? ஆனா வாங்கறவருகிட்ட ஒன்னு மட்டும் சொல்லிப்போடுங்க, அந்த வண்டிக்குக் கை ருசி தெரியும்னு" என்றான். வழக்கமாக இப்படிப் பகடி சொன்னால் அவனே முதலில் சிரிப்பான். சிரிக்கவில்லை.

நீ சொல்லப் போவது எனக்குத் தெரியும். எல்லோரும் இப்படித்தான் விற்கிறார்கள். நமக்கும் இப்படித்தான் விற்றார்கள். நாம் மட்டும் ஏன் ஏமாந்தவர்களாகவே நின்றுவிட வேண்டும் என்பாய். எஞ்சினை இறக்கினால் இன்னும் என்னென்ன வெளியே வருமோ என்பாய். எல்லாம் சரி. ஆனால் வாழப்பாடிக்காரர் கதிர் ஏறும் பாதைக்குள் தானே கையை விடப் போவதில்லை. அவரும் ஓர் ஆளை அனுப்புவார். அந்த ஆளின் பெயர் நமக்குத் தெரியாது. அவன் இப்போது வாழப்பாடிச் சந்தையில் காய்கறி மூட்டை தூக்கிக்கொண்டிருக்கலாம். அல்லது வீட்டில் பிள்ளைக்குச் சோறு பிசைந்துகொண்டிருக்கலாம். நாம் ஒட்டிய தகரம் முதல் மழையில் உதிரும். ஆத்தூர்க்காரருக்குச் செங்கோடன் யாரென்று தெரியாது. ஆகவே அவர் உறங்குகிறார். நமக்குச் செங்கோடனைத் தெரியும். இனி அந்த ஆளையும் நமக்குத் தெரியும். தெரிந்துகொண்டே விற்பதற்கு நீ வண்ணம் அடிக்க வேண்டியது வண்டிக்கு இல்லை, நம் நெஞ்சுக்கு.

இனி நீ எத்தனையோ பழைய பொறிகளை வாங்குவாய். உழவு செய்பவனுக்கு வேறு வழி இல்லை. ஆகவே ஒரு தகப்பனாக இதைச் சொல்லிவிடுகிறேன். எதையும் அது அடங்கிக் கிடக்கும்போது போய்ப் பார். சொன்ன நாளுக்கு முந்தின நாளே போ. எந்த மரை இருக்கிறது என்று பார்க்காதே. எந்த மரை இல்லை, ஏன் இல்லை என்று கேள். விற்பவரை விட்டுவிடு, அதை ஓட்டியவனைத் தேடிப் பிடித்து அவன் கைகளைப் பார். எவராவது உனக்கு நாற்காலி போட்டால் நின்றுகொண்டே பேசு. நீ மதிக்கும் ஒருவர், நான் ஆனாலும், கேட்காதே என்று கையமர்த்தினால், இன்னும் ஒருமுறை உரக்கக் கேள். அன்று நீ என் காதில் சொன்னதை அந்தக் கூட்டத்தின் காதில் சொல்லியிருக்க வேண்டும். உன்னை அப்படி வளர்க்காதது என் குறை. இனியும் அப்படி வளராமல் இருந்தால் அது உன் குறை.

ஞாயிற்றுக்கிழமை நான் வருவேன். நீ ஆடை எதுவும் வாங்கி வைக்காதே. விடியலிலேயே கொட்டகைக்குப் போய்விடுவேன். முருகேசனிடம் இருந்து சாவியை இன்றே வாங்கிக்கொண்டேன். அவன் மறுக்கவில்லை, கையில் வைத்திருக்க அவனுக்கும் விருப்பமில்லை போலும். குளிர்ந்து கிடக்கும் எஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பேன். ஒட்டிய தகரத்தை எடுத்துக் கீழே வைப்பேன். வாழப்பாடிக்காரர் வந்ததும் வணக்கம் சொல்லி, சாவியை அவர் கையில் கொடுப்பேன். அவர் ஏறி உட்கார்ந்து திருகுவார். எடுக்காது. ஒருவேளை அவர் என்னைப் பார்ப்பார், நான் ஏதாவது சொல்லுவேன் என்று. நான் சுவரோரம் கிடக்கும் கடப்பாரையைப் போய் எடுத்து வருவேன். அதை எங்கே கொடுத்து நெம்ப வேண்டும் என்று செங்கோடன் எனக்கு நேற்றுச் சொல்லிக் கொடுத்தான்.

அந்த அமைதியில் நாம் மூவரும் நிற்போம். வாங்குகிறவரிடம் சொல்லும்படி செங்கோடன் கேட்ட அந்த ஒன்று அப்போது மீதி இருக்கும். அதை நீ சொல். நான் பேச மாட்டேன்.

உன் அப்பா